அக்கா நலம்

கிளவுடில் ஓடும் எங்கள் செயலியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஒரு கண்காணிப்புக் கருவி வேண்டியிருந்தது. இரண்டைச் சோதனைக்கு ஓடவிட்டோம். ஒன்றுக்குப் புதுமருமகள் என்று பெயர் வைத்தோம். திரை முழுக்கப் பச்சை, குறை என்று வாயே திறக்காது. இன்னொன்று மாமியார். தொட்டதற்கெல்லாம் சிவப்பு.

எங்கள் செயலியில் பெரிய வித்தை ஏதும் கிடையாது. தனியாக வாழ்பவர்கள் காலையும் மாலையும் ஃபோனில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். உடனே வீட்டாருக்கு 'நலம்' என்று செய்தி போகும். அமுக்காவிட்டால் எச்சரிக்கை போகும். எங்கள் முதல் வாடிக்கையாளர் என் அக்கா. மாமா காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறாள்.

முடிவெடுக்கும் கூட்டத்தில் மேனேஜர், "மருமகளையே எடுத்துக்கலாம்பா. மாமியாரோட யாரு மாரடிக்கிறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம், நான் கொஞ்சம் அதிகமாகவே.

மாமியாரின் திரையில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் நகராமல் நின்றது.

"அது என்னவாம்?" என்றார் மேனேஜர்.

"ஏதோ ஒரு ஃபோன்ல இருந்து ஒரு வாரமா எதுவுமே வரலையாம் சார்," என்றேன்.

"அவங்க வீட்டுக்கு 'நலம்' போகுதா?"

"வேளை தவறாம போகுது."

"அப்புறம் என்ன? இந்த மாமியாருக்கு வேற வேலை இல்ல. மூடு."

மூடப் போனவன், அப்போதுதான் கணக்கு எண்ணைப் பார்த்தேன். ஒன்று. அது அக்கா.

மருமகளிடம் ஒரு வசதி உண்டு. எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ஒரு போலி வாடிக்கையாளராக அதுவே உள்ளே நுழைந்து, காலையும் மாலையும் பட்டனை அமுக்கிப் பார்க்கும். அதற்கு ஒரு கணக்கு கேட்டது. புதிதாக ஒன்று தொடங்கச் சோம்பல்பட்டு அக்காவுடையதைக் கொடுத்த புத்திசாலி நான்தான். இந்த வாரம் முழுக்க 'அக்கா நலம்' என்று வந்த செய்திகளைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

அவளை அழைத்தேன். ஃபோன் அணைந்து கிடந்தது. மேனேஜர் கூப்பிடக் கூப்பிட ஓடினேன்.

அக்கா வீட்டுக் கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தாள். கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. வாசலிலேயே நின்றேன்.

"வந்துட்டியா?" என்றாள்.

எனக்கு உயிரே வந்தது. "ஏன்க்கா ஃபோன அணைச்சு வச்சிருக்க?"

"பட்டன அமுக்கலன்னா நீ பதறிட்டு வருவேன்னு நெனச்சேன்டா. உன்னப் பாக்கணும்போல இருந்துச்சு, அவ்வளவுதான். முதல் நாள் உனக்கும் சேத்து சமைச்சேன்." சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "நீ வரல. மறுநாளும் வரல. அப்புறம்தான் தோணுச்சு, நான் செத்துட்டேன்போல, எனக்குத்தான் இன்னும் தெரியலன்னு. செத்தவளுக்கு எதுக்கு ஃபோனு?"

விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை. கிட்டே போய்க் கையைப் பிடித்தேன், சில்லென்றிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாடியைத் தேடினேன். துடித்தது.

அப்போது என் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்தேன், வேளை தவறாத மாலைச் செய்தி. மறைப்பதற்குள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள். 'அக்கா நலம்.'

மேசையில் அணைந்து கிடந்த தன் ஃபோனை ஒருமுறை பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தச் செய்தியைக் காட்டி, "யாருடா இவ?" என்றாள்.