ரெண்டுங்கெட்டான் தண்ணீர்

தையற்காரியின் மிஷினுக்குப் பக்கத்தில், நூல்கண்டு அலமாரியின் நடுத்தட்டில், ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் வரிபோட்ட நத்தைகளும், குடல் வரைக்கும் தெரிகிற குட்டி இறால்களும் குடித்தனம் நடத்தின. கடல் அளவுக்கு உப்பும் இல்லாத, குடிக்கிற அளவுக்கு நல்லதும் இல்லாத அந்தத் தண்ணீருக்கு அவள் வைத்த பெயர் ‘ரெண்டுங்கெட்டான்’. அளவு கொடுக்க வருகிறவர்கள் தொட்டியில் கண் வைத்தால் வயிற்றை உள்ளிழுக்க மறந்துவிடுவார்கள். தைத்த துணியும் கச்சிதமாக உட்காரும்.

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்று அவள் ஊருக்குக் கிளம்பியபோது, தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நாத்தனார் தலையில் விழுந்தது. ஆபீஸ் கேன்டீனில் சமைக்கிற அவளுக்கு வீட்டில் ‘வாயாடி’ என்று பெயர்.

“தண்ணி குறைஞ்சா ஊத்து, தீனி கொஞ்சமா போடு” என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணி ஆட்டோ ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தவள் பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. நத்தைகள் எல்லாம் தண்ணீரை விட்டு மேலே ஏறி, மூடியோரம் அப்பிக்கொண்டிருந்தன. இறால்கள் கல்லிடுக்கில் முடங்கிக் கிடந்தன. அடியில் வெள்ளையாக ஓர் இறால் அசையாமல் கிடந்தது.

“ஐயோ, கொன்னுட்டேனா அண்ணி?” வாயாடி ஓடிவந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “கண்ணும் கருத்துமாத்தானே பாத்துக்கிட்டேன்!”

அண்ணி கரண்டியால் அதை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. “இது செத்ததில்லடி. வளர்றப்போ பழைய சட்டைய கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்கு.”

“நல்லவேளை! உங்ககிட்ட புதுசு தைக்கக் குடுக்கல.”

இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் நத்தைகள் மேலேயேதான் இருந்தன. தீனி அதிகமோ? தண்ணீர் கெட்டு நாற்றம் வருகிறதா? மோந்து பார்த்தார்கள், இல்லை.

“குறைஞ்சப்போ எந்தத் தண்ணிய ஊத்துன?”

“அந்த வாளித் தண்ணியத்தான். உப்புப் போட்டு வச்சிருந்தீங்களே.”

அது பாதித் தண்ணீரை மாற்றும்போது ஊற்றுவதற்காகக் கலக்கி வைத்தது. அண்ணி சொல்ல வாயெடுப்பதற்குள் வாயாடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அட கூறுகெட்டவளே! அடுப்புல வத்துனா தண்ணிதானே போகும், உப்பு அப்படியே இருக்குமே! ஆவியாப் போனதுக்கும் உப்புத்தண்ணியே ஊத்தினா கரிக்காம என்ன செய்யும்?”

“சொல்லாமப் போனது என் தப்புடி.”

உப்பு அளக்கும் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தபோது, அது இருக்கவேண்டிய கோட்டைத் தாண்டி நின்றது. ஒரே மூச்சில் நல்ல தண்ணீரை ஊற்றினால் இறால்கள் தாங்காது. ஆகவே ஒரு டம்ளர் எடுப்பது, ஒரு டம்ளர் குளோரின் போன நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றுவது. மறுபடி அடுத்த வேளை. வேலைக்குப் போகும்முன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம், வாயாடியே அடம்பிடித்துச் செய்தாள். நத்தைகளின் ஓடு தேயாமல் இருக்க, கழுவிப் பொடித்த சிப்பியையும் ஒரு கைப்பிடி போட்டார்கள்.

வாரக் கடைசிக்குள் நத்தைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. வந்த வேகத்தில் கண்ணாடியில் படர்ந்திருந்த பச்சைப் பாசியைச் சுரண்டித் தின்று, கோணல்மாணலாகப் பாதை போட்டன. மல்லாந்து விழுந்து தத்தளித்த ஒன்றை வாயாடி இரண்டு விரலால் நிமிர்த்திவிட்டாள்.

“அண்ணி, இங்க வாங்க! இந்த இறால் வயித்துக்குக் கீழ மணிமணியா என்னவோ ஒட்டியிருக்கு!”

அண்ணி மிஷினை நிறுத்திவிட்டு வந்து குனிந்தாள். ஓர் இறால் வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டு, சின்னக் கால்களால் அவற்றை ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தது.

“முட்டைடி!”

“அப்ப நான் அத்தை” என்றாள் வாயாடி, தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு.