அட்டையில் முதலில் ஏறிய பெயர்

கதவைத் திறந்ததுமே பைரோஜாவுக்குத் தெரிந்துவிட்டது, வந்தவருக்குக் காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று. சும்மா வருகிறவர் கையில் காராச்சேவுப் பொட்டலம் எதற்கு? அவள் நாவலுக்குப் பரிசு கிடைத்ததிலிருந்து இதே கூத்துதான். ஒருவருக்கு வாழ்த்துரை வேண்டும், இன்னொருவருக்குப் பிழை திருத்தம். நேரம் இருக்கிறதா என்று ஒருத்தராவது கேட்டதில்லை.

இன்று வந்தவர் ராஜபாண்டியன், நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி முதலாளி. கவிதைக் கட்டோடு ஒரு புத்தக அட்டையையும் நீட்டினார். அவர் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘அணிந்துரை: எழுத்தாளர் பைரோஜா’.

“இதை நான் எப்ப எழுதினேன் அண்ணாச்சி?”

“இனிமேத்தான் எழுதப்போறீக. பட்டாசு லேபிள் அடிக்கையில ஷீட்டுல ஓரம் சும்மா கெடந்துச்சு. வீணாப் போகுதேன்னு அட்டையையும் சேத்து அடிச்சுட்டேன். ரெண்டு பக்கம் போதும் தங்கச்சி.”

வீணாகப் போகும் காகித ஓரத்துக்கு இருந்த மரியாதைகூட அவள் பெயருக்கு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கவிதைகளைப் புரட்டினாள். முதல் கவிதையிலேயே அவர் கம்பெனிப் பெண்கள் சிரித்துக்கொண்டே திரி முறுக்கினார்கள். அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்து இரண்டு கையும் வெந்துபோன பொன்னுத்தங்கம், போன மாதம் இங்கே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தாள். “ஒங்கள நம்பித்தான்க்கா சொல்லுதேன், எழுதுங்க” என்றிருந்தாள். பைரோஜா இப்போது எழுதிக்கொண்டிருப்பது அந்தக் கதையைத்தான். இந்த அட்டை வெளியே போனால் பொன்னுத்தங்கம் முகத்தில் எப்படி விழிப்பது?

“எழுத மாட்டேன். அட்டையை மாத்துங்க.”

“கோவத்துலயும் நல்லாத்தான் பேசுறீக” என்று சிரித்துக்கொண்டே அவர் கிளம்பினார்.

“ரெண்டு பக்கந்தானே. கழுத்தையா கேட்டாரு?” என்றான் கணவன் ஹாமித்.

“கழுத்தைக் கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்.”

அட்டை மாறவில்லை. யாரையோ பிடித்து எழுதி வாங்கி, அவள் பெயரிலேயே போட்டுவிட்டார் மனுஷன். வாய் கூசாமல் வெளியீட்டு விழாவுக்கும் அழைத்தார். நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று கொதித்துக்கொண்டுதான் பைரோஜா சிவகாசிக்குப் போனாள்.

மண்டபத்து முன்வரிசையில், கம்பெனி வேனில் கூட்டிவந்த பெண்களோடு பொன்னுத்தங்கம் இருந்தாள். மடியில் அந்தப் புத்தகம்.

“நீங்க எழுதியிருக்கீகன்னு சொன்னாக, அதான் வந்தேன். மக வாசிச்சுக் காட்டுனா. நாங்கல்லாம் சந்தோசமா வேல பாக்கோம்னு எழுதியிருக்கீகளே.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால்கூடப் பைரோஜாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“நான் எழுதலை.”

“ஒங்க பேரு போட்டிருக்கேக்கா.”

விறுவிறுவென்று மேடையேறினாள். பேசிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“இந்த அணிந்துரை நான் எழுதினது இல்லை. என் பேரைத் திருடிப் போட்டிருக்காங்க. இந்தக் கம்பெனியில வெந்துபோன கை இங்க முன்வரிசையிலதான் இருக்கு. சந்தோசமா இருக்காங்களான்னு அவங்களையே...”

ராஜபாண்டியன் மைக்செட்காரருக்குக் கண்ணைக் காட்டினார். மைக் செத்துப்போனது. பைரோஜா மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

பொன்னுத்தங்கம் புத்தகத்தைக் கீழே தள்ளிவிட்டு எழுந்தாள். “அத வைங்கக்கா. எனக்குச் சத்தமாவே பேச வரும்” என்றபடி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.