ஜஹனாரா மிஸ்ஸுக்கு ஒரு பாராட்டு

நல்லது செய்கிறேன் என்று கிளம்பி வருகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கெட்டது செய்ய வருகிறவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கதவைச் சாத்திக்கொள்ளலாம். மதுவந்தி நல்லது செய்ய வந்தவள். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மாடியில் இருக்கிறது அந்தக் குழந்தைகள் காப்பகம். இருபத்திரண்டு குழந்தைகள். ஜஹனாரா அங்கே ஆயாவாகச் சேர்ந்தவள். ஆறு வருடம் ஆய் கழுவிவிட்டாள், வாந்தி துடைத்தாள், பால் புட்டிகளைக் கொதிக்கவைத்து அடுக்கினாள். பிறகு, பத்தாவதோடு மூடிவைத்த படிப்பைத் தூசி தட்டி எடுத்து, ஒரு வருடம் சனிக்கிழமை தவறாமல் வகுப்புக்குப் போய் மழலைப் பராமரிப்புச் சான்றிதழ் வாங்கினாள். ராயப்பேட்டையில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் அவள் புருஷன் காதர், மிஞ்சிய ரெக்சினில் அவளுடைய பயிற்சி நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடுத்தான்.

சான்றிதழ் வந்த மறுநாள், காப்பகத்தை நடத்தும் ஜலஜா மேடம் புது அடையாள அட்டையை அவள் கழுத்தில் மாட்டினாள். ‘ஜஹனாரா மிஸ்’ என்று போட்டிருந்தது. சம்பளமும் கொஞ்சம் கூடியதுதான். ஆனால் அந்த இரண்டெழுத்துதான் அவளுக்குப் பெரிசு. முந்தின வாரம்வரை “இந்தாம்மா, டயப்பர மாத்து” என்று சொன்ன அதே வாய்கள் “மிஸ், இன்னிக்கு என் பையன் எப்படி இருந்தான்?” என்று கேட்டன. அவள் வீட்டில் பேசுகிற இன்னாவும் கீதும் காப்பகத்து வாசலில் செருப்போடு நின்றுவிடும். உள்ளே அவள் பேசுவது மிஸ்ஸின் தமிழ்.

சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் மறுபடி முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும், அதுவரை உதவியாளர்தான், மிஸ் கிடையாது. புதுப்பிக்க மூன்று காரியங்கள். நாற்பது மணி நேரம் புதுப் பயிற்சி. சான்றிதழ் தரும் சங்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து, மூலையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கக் கவனிப்பாள். அப்புறம், ஒரு வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்ட குழந்தையின் பெற்றோர் ஒருவர் இவளைப் பற்றி நாலு வரி எழுதி நேரே சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் இரண்டும் பிசிறில்லாமல் முடிந்தன. கவனிக்க வந்த அம்மாள் போகும்போது சிரித்துவிட்டுக்கூடப் போனாள்.

மூன்றாவதற்கு ஜஹனாரா யோசிக்கவே இல்லை. மதுவந்தியைக் கேட்டாள். மயிலாப்பூர்க்காரி, வங்கியில் பெரிய வேலை. அவள் பையன் சுஹாஸுக்கு மூன்று வயது. இரண்டு வருடமாக ஜஹனாராவிடம்தான் இருக்கிறான்.

“நாலு வரியா? நாலு பக்கம் எழுதறேன் மிஸ்” என்றாள் மதுவந்தி.

சொன்னபடியே எழுதினாள். அனுப்பிவிட்டு, ஜஹனாராவின் வாட்ஸப்புக்கும் ஒரு பிரதி போட்டாள். ஜஹனாரா அதை 21ஆம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள். ‘என் மகன் பாயில் படுக்க மாட்டான் என்று தெரிந்து, தினமும் மடியில் போட்டுத் தூங்கவைக்கிறார். சாப்பிட மறுத்தால் விடமாட்டார், வேடிக்கை காட்டிக் காட்டித் தன் கையால் ஊட்டி முடிப்பார். ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் முக்கியமான மீட்டிங்கில் இருந்தேன். என்னைத் தொந்தரவு செய்யாமல் தானே மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டார். பெற்ற தாய்கூட இப்படிச் செய்ய மாட்டாள்.’

ஜஹனாராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கேட்டதுகூடக் காதில் விழவில்லை. பத்து வருடத்தில் யாரும் அவளைப் பற்றி இத்தனை வரி எழுதியதில்லை. அந்தச் சந்தோஷத்தில், நாற்பது மணி நேரம் உட்கார்ந்து படித்த பாடம் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வராமல் போயிற்று.

பாடம் என்ன சொல்கிறது? குழந்தையை மடியில் தூங்கப் பழக்காதே. வேண்டாம் என்றால் திணிக்காதே. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டு மருந்து கொடுக்காதே. மதுவந்தி பாராட்டிய மூன்றும் செய்யக் கூடாத மூன்று.

பதினைந்தாம் நாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் இரண்டையும் ‘திருத்திக்கொள்ளத்தக்கவை’ என்று விட்டிருந்தார்கள். மருந்து விஷயத்தை விடவில்லை. மருந்துப் பதிவேட்டில் பெற்றோர் கையெழுத்துப் போட்ட பக்கம் வேண்டும். இல்லையென்றால், தான் சொல்லித்தான் மருந்து கொடுக்கப்பட்டது என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். பத்து நாள் கெடு.

பதிவேட்டில் பக்கம் ஏது? அன்றைக்கு மத்தியானம் சுஹாஸுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. இவள்தான் போன் செய்தாள். மதுவந்தி குரலை அடக்கிக்கொண்டு, “பையிலேயே சிரப் வெச்சிருக்கேன் மிஸ், அஞ்சு எம்எல் குடுத்துடுங்கோ, கையெழுத்தெல்லாம் சாயங்காலம் போடறேன், ப்ளீஸ்” என்று சொல்லி வைத்துவிட்டாள். சாயங்காலம் காய்ச்சல் இறங்கியிருந்தது, கையெழுத்து இருவருக்கும் மறந்துவிட்டது. ஜஹனாரா விதி தெரியாதவள் இல்லை. தெரிந்துதான் கொடுத்தாள். குழந்தை முனகுவதைக் கேட்டுக்கொண்டு பதிவேட்டைப் புரட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

“நான் என்னம்மா பண்ண முடியும்? அந்தம்மா எழுதிக் குடுத்தா உண்டு” என்றாள் ஜலஜா மேடம்.

வீட்டில் காதர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?” என்றான். சொன்னாள். “அட, அவ்ளோதானே? அந்தம்மா நல்ல மாதிரி, எழுதிக் குட்த்துரும். நீ போய்க் கேளு” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் அவர்கள் ஃப்ளாட்டுக்குப் போனாள். சுஹாஸ் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். மதுவந்தி கடிதத்தைப் படித்துப் பதறிப்போனாள்.

“ஐயையோ, என்னாலயா? நான் சொல்லித்தானே குடுத்தேள். இப்பவே எழுதித் தரேன்.”

பேப்பர் எடுத்தாள், பேனா எடுத்தாள், இரண்டு வரி எழுதியும்விட்டாள். ஊஞ்சலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவள் மாமனார் ராமானுஜம் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“என்னம்மா எழுதறே?”

சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“குழந்தைக்குக் காய்ச்சல், அம்மா மீட்டிங்கை விட்டு வரலை, போன்லயே மருந்து குடுக்கச் சொன்னான்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போறயா? நாளைக்கு அது எங்க போய் நிக்கும்னு தெரியுமா? வாயால ஆயிரம் சொல்லு. எழுத்துல மட்டும் குடுத்துடப்படாது.”

மதுவந்தியின் பேனா நின்றது. ஜஹனாரா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மூடப்பட்டது.

“தப்பா எடுத்துக்காதேங்கோ மிஸ்” என்றாள் மதுவந்தி. கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. “நான் உங்களைப் பத்தி நல்லதுதானே எழுதினேன்? ஒரு வார்த்தை குறைச்சு எழுதலியே?”

“இல்ல மேடம். எல்லாம் நல்லதுதான் எழுதினீங்க.”

“நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்கோ. இந்தச் சர்டிஃபிகேட்டெல்லாம் எதுக்கு? பேசாம எங்காத்துக்கே வந்துடுங்கோ. அவா குடுக்கறதை விட ஜாஸ்தியே தரேன். சுஹாஸும் உங்ககிட்டதான் ஒட்டிண்டிருக்கான்.”

ஜஹனாரா கேட்டாள்: “இங்க வந்தா, நாலு பேர் கேட்டா என்னைய யாருன்னு சொல்வீங்க மேடம்?”

“யாருன்னா? எங்காத்து மனுஷி மாதிரின்னு சொல்வேன்.”

“அதாவது, ஆயா.”

மதுவந்திக்கு முகம் சிவந்துவிட்டது. உதவி செய்ய வந்த இடத்தில் அடி வாங்கியது போலிருந்தது அவளுக்கு. ராமானுஜம் மறுபடி செய்தித்தாளைப் பிரித்தார். ஜஹனாரா தன் காலைச் சுற்றியிருந்த சின்னக் கைகளைப் பிரித்துவிட்டு எழுந்து வந்தாள். படியிறங்கும்போது அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். தன்மேல்தான் ஆத்திரம். பஸ்ஸில் நின்றுகொண்டு கண் கலங்கினாளே, அந்த முட்டாள்தனத்தின் மேல்.

கெடு முடிந்தது. அடையாள அட்டையை ஜலஜா மேடம் கேட்பதற்கு முன்பே கழற்றிக் கொடுத்தாள். ஜலஜா மேடம் கெட்டவள் இல்லை. ஆனால் சங்கத்துக்குப் பயந்தவள். பெற்றோர்கள் எல்லோருக்கும் ஒரு தகவல் அனுப்பினாள்: சான்றிதழ் உள்ளவர்களை மட்டும் மிஸ் என்று அழைக்கவும், உதவியாளர்களை ஆன்ட்டி என்று குழந்தைகளுக்குப் பழக்கவும். ஜஹனாராவின் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள்.

திங்கட்கிழமை வாசலில் குழந்தைகளை வாங்கிக்கொள்ள ஜஹனாரா நின்றிருந்தாள். சுஹாஸ் காரிலிருந்து இறங்கி, “ஜானா மிஸ்!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

மதுவந்தி பின்னாலேயே வந்து குனிந்தாள். ஜஹனாராவின் முகத்தைப் பார்க்காமல், பையனிடம் மெதுவாகச் சொன்னாள்.

“மிஸ் இல்லடா கண்ணா, ஆன்ட்டி. மிஸ் உள்ள இருக்கா பாரு.”

செவ்வாய்க்கிழமையும் சொன்னாள். தகவல் வந்திருக்கிறது, விதிப்படி நடக்கிறாள். புதன்கிழமை அவனே தடுமாறாமல் “ஆன்ட்டி” என்றான். மதுவந்தி “குட் பாய்” என்று அவன் தலையைத் தடவிவிட்டு, வேலைக்கு நேரமாகிறதென்று காரில் ஏறினாள்.

குழந்தை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான், தூக்கச் சொல்லி. அந்த நேரத்தில் ஜஹனாராவுக்கு அவனைப் பிடிக்கவில்லை. பத்து வருடத்தில் எந்தக் குழந்தையிடமும் வராத வெறுப்பு. அரை நிமிடம்தான் இருந்திருக்கும், பிறகு தூக்கிக்கொண்டாள். சான்றிதழ் போனதற்கு மதுவந்தியை என்றைக்காவது மன்னித்திருப்பாள். அந்த அரை நிமிடத்துக்கு மன்னிக்கவே இல்லை.