காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள்

அந்த அறையில் யாரும் யாரையும் மறுத்துப் பேசவில்லை. டார்லாவுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. மேசையைச் சுற்றி அவளையும் சேர்த்து எட்டுப் பேர். ஒருவர் வாயைத் திறந்தால் மற்ற ஏழு தலைகளும் ஆடின. "நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுது" என்றான் தாடி வைத்த பையன் ஒருவன். "புரியுதுன்னு நீங்க சொன்னதே எனக்கு ஆறுதலா இருக்கு" என்றாள் எதிரில் இருந்தவள். மாணவர் விடுதியில் நாய் வளர்க்க விடலாமா என்பதுதான் கொடுத்த தலைப்பு. அதற்கே இவ்வளவு ஆறுதல். சுவரோரம் மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து, எட்டுப் பேரில் யார் நன்றாகக் காது கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்ததால் எட்டுப் பேரும் போட்டி போட்டுக்கொண்டு காது கொடுத்தார்கள். பேசத்தான் ஆள் இல்லை.

மனநல ஆலோசகருக்கான முதுகலைப் படிப்பின் நேர்முகத் தேர்வு அது. டார்லா ஹியெட்டலா இதற்கு விண்ணப்பிப்பது இரண்டாவது முறை. போன வருஷம் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறீர்கள் என்ற கட்டுரையில் தன் வேலையைப் பற்றி எழுதியிருந்தாள். "எல்லாம் சரி, இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று பதில் வந்தது. இவர்களுக்கு ஆளின் காயம் வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. இந்த வருஷம் செத்துப்போன அம்மாவின் குடியை எடுத்து இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். உடனே கூப்பிட்டுவிட்டார்கள். அம்மாவைக் கூட்டிப்போய்ச் சந்தையில் நிறுத்தியது போல இருந்தது அவளுக்கு.

வயது நாற்பத்தாறு. டுலூத் என்ற பனி ஊரில், மாவட்ட அவசர அழைப்பு மையத்தில், 911-க்கு வரும் அழைப்புகளை எடுக்கிற வேலை. வாலிபத்திலிருந்தே ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எங்கே இருக்கிறீர்கள், மூச்சு வருகிறதா, கதவு திறந்திருக்கிறதா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். இத்தனையையும் ஒரு மூச்சில் வாங்கிவிடுவாள். ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்ததும் இணைப்பைத் துண்டித்து அடுத்த ஆளை எடுக்க வேண்டும். அந்த மனிதன் பிழைத்தானா, பிழைத்த பிறகு வாழ்ந்தானா, ஒன்றும் தெரியாது. அந்த மிச்சப் பாதி வேண்டும் என்றுதான் இந்தப் படிப்பு. ஓட்டிப் போகிற தூரத்தில் இருந்தது இந்த ஒரு கல்லூரிதான். இந்தத் தடவையும் இல்லையென்றால் மூன்றாவது முறை இவர்கள் படியேறுவதில்லை என்று கணவனிடம் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அவளுடைய குணம் அப்படி.

நாய்ப் பேச்சு முடிந்ததும் துறைத் தலைவி டாக்டர் ஹாலண்ட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இரண்டிரண்டு பேராக எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார வேண்டும்.

"ஒருத்தர் மனசுல இருக்கிற சின்ன விஷயம் ஏதாவது சொல்லணும். இன்னொருத்தர் கூடவே இருந்து கேக்கணும். அவ்வளவுதான். வழி சொல்ல வேண்டாம், எதையும் சரிபண்ண வேண்டாம்."

டார்லாவுக்கு ஜோடியாக வந்தவள் ஆனிகா. அப்போதுதான் கல்லூரி முடித்திருந்த பெண். மகள் வயது இருக்கும். பேச வேண்டியது ஆனிகா. படிப்பு முடிந்து வீட்டுக்குத் திரும்பினால் தன் அறையில் அம்மா தையல் மிஷின் போட்டிருந்ததைச் சொன்னாள். கூடத்து சோபாவில் படுக்கிறாளாம். காலையில் எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லையாம். சொன்னது என்னவோ சின்ன விஷயம்தான். ஆனால் சொன்ன குரல் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஒரே மட்டத்தில் ஓடியது. அந்தக் குரலை டார்லாவுக்குத் தெரியும். கத்துகிறவர்களைப் பற்றி அவள் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. இப்படிப் பேசுகிறவர்கள்தான் சாக முடிவெடுத்துவிட்டுக் கூப்பிடுகிறவர்கள். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டது அவளுக்கே தெரியாது.

"வீட்டுல துப்பாக்கி இருக்கா?"

ஆனிகா விழித்தாள். "இருக்கு. அப்பா மான் வேட்டைக்குப் போவாரு."

"எங்க வச்சிருக்காரு? பூட்டியிருக்கா?"

"பேஸ்மென்ட்ல. பூட்டித்தான்னு நினைக்கிறேன்."

"சாவி யாருகிட்ட? இன்னைக்கு வீட்டுல யாரு இருக்காங்க?"

அறையில் ஒரு தலையும் ஆடவில்லை. ஆனிகாவின் முகம் முதலில் சிரிக்கப் பார்த்தது, பிறகு கோணியது. "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்று கேட்டவள் அழுதுவிட்டாள்.

"இங்கேயே நிறுத்திக்கலாம் டார்லா" என்றார் ஹாலண்ட், ரொம்ப மெதுவாக. "அந்தக் கேள்வியைக் கேட்டப்ப உங்களுக்குள்ள என்ன நடந்துச்சு?"

"வண்டி அனுப்பணும்னு தோணுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டார்லாவுக்கு. இதே கேள்வியை எப்போது, எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்கத்தானே பாடம் வைத்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் வாதாடினாள். ஆனால் வாதம் நிற்கவில்லை. அந்தப் பெண் தையல் மிஷினைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவளைப் பேச விடாமல் தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டோம் என்பது டார்லாவுக்கே தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஆனிகா தன் காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தாள். டார்லாவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. தன் வண்டியிலிருந்து சுரண்டியை எடுத்துவந்து, கேட்காமலே மறுபக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஏத்த இறக்கமில்லாத குரலைக் கேட்டா எனக்கு அந்தப் பயம் வந்துடுது. 911 வேலைப் பழக்கம், போக மாட்டேங்குது."

"என் குரலே அப்படித்தாங்க. பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரே சொல்லியிருக்காங்க, நீ வாயை மட்டும் அசை, போதும்னு." ஆனிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பாகிட்ட போய்ச் சாவி எங்கன்னு கேக்கப்போறேன். மனுஷன் பயந்துடுவாரு."

போகும்போது ஆனிகா அவளுடைய ஃபோன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று டார்லா யோசிக்கவில்லை.

"எப்படிப் போச்சு?" என்று அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டான் ஆர்னி. அவள் கணவன், மாவட்டத்துக்குப் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறவன்.

"மோசமில்லை."

அந்த ஊர்ப் பேச்சில் கல்யாணமும் மோசமில்லை, கால் ஒடிந்தாலும் மோசமில்லை. ஆர்னி அவள் பூட்ஸைக் கழற்றி எறிந்த தினுசைப் பார்த்து எது என்று புரிந்துகொண்டான்.

மார்ச் கடைசியில் ஹாலண்டே ஃபோன் செய்தார். இடம் இல்லை, ஆனால் இல்லை என்றும் இல்லை. காத்திருப்போர் வரிசையில் டார்லாதான் முதல் ஆள். இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் நடுவுக்குள் சரி அல்லது வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் அது அவளுக்கு. "அன்னைக்கு நடந்ததைப் பத்தி நாங்க நிறைய பேசினோம்" என்றும் சொன்னார். நிறையப் பேசி என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று சொல்லவில்லை. மூஞ்சிக்கு நேராக வேண்டாம் என்று சொன்னால் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். இது திட்டவும் முடியாத, தூங்கவும் முடியாத பதில்.

"எவனாவது ஒருத்தனுக்கு வேற ஊர்ல வேலை கிடைக்காதா?" என்றான் ஆர்னி. "எவளுக்காவது கல்யாணம் நிச்சயமாகாதா? அந்தத் தாடிக்காரன் எப்படி, போற ஆள் மாதிரி இருக்கானா?"

"அவன் சாகுற வரைக்கும் தலையாட்டிட்டு இங்கேயேதான் இருப்பான்."

வேலைக்குப் போனாள், வந்தாள். ஃபோன் அதிரும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தாள். பல் டாக்டர், ஆயுள் காப்பீடு, மாமியார். முன்பின் தெரியாத ஒருவருடைய வாழ்க்கையில் ஏதாவது மாறட்டும் என்று ராப்பகலாக வேண்டிக்கொள்வது என்ன பிழைப்பு என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் வேண்டிக்கொண்டாள்.

கெடுவுக்கு முந்தின நாள் சாயங்காலம், இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷை ஆர்னி அடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைக்கும்போது ஆனிகா கூப்பிட்டாள்.

"தொந்தரவு பண்றேனா? எனக்கு வேற யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியலை. எனக்கு ரெண்டு இடத்துலயும் கிடைச்சிருக்கு. இங்கயும், பாஸ்டன்லயும். நாளைக்குள்ள சொல்லணும்."

டார்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபோனைக் கையால் மூடி, "அந்தப் பொண்ணு. பாஸ்டனும் கிடைச்சிருக்காம்" என்றாள். ஆர்னியின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

"எங்கம்மா பாஸ்டன் போங்கிறாங்க. அப்பா இங்கயே இருங்கிறாரு. அவங்கவங்களுக்கு ஒரு காரணம் இருக்கு. நீங்க ஒருத்தர்தான் நடுவுல நிக்கிற ஆளு. சொல்லுங்க, நான் எங்க போகட்டும்?"

நடுவில் நிற்கிற ஆள். பாஸ்டன் போ, இந்தக் குளிரில் என்ன இருக்கிறது, வயசுப் பெண் நாலு ஊர் பார்க்க வேண்டாமா. எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. பொய்யும் இல்லை, எந்த அத்தையும் சொல்லக்கூடியதுதான். எதிரில் ஆர்னி வாயசைத்துக் கையைக் கிழக்கே, பாஸ்டன் இருக்கிற பக்கமாக வீசினான், பாதையில் நிற்கிற மாட்டை விரட்டுகிறவன் போல. போகச் சொல்லு. போகச் சொல்லு.

டார்லா நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவனுக்கு முதுகைக் காட்டினாள்.

"நீ சொல்லு, நான் கேக்குறேன்."

ஆனிகா சொன்னாள். டார்லா "ம்" என்றாள். ஆனிகா நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். அதே மேடு பள்ளமில்லாத குரல். ஒவ்வொரு இடைவெளியிலும் புகுந்துவிட டார்லாவின் வாய் திறந்து மூடியது. கடைசியில் தாங்க முடியாமல் ஒன்றே ஒன்று கேட்டாள். நல்ல எண்ணத்தோடு கேட்டாள் என்று சொல்ல முடியாது.

"பாஸ்டன்ல உனக்கு என்ன பிடிச்சிருக்கு?"

"பாஸ்டனா?" அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. டார்லா பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மௌனத்தை அப்படியே விட்டாள். "பேரு பிடிச்சிருக்கு. பாஸ்டன்ல படிக்கிறேன்னு சொல்லிக்கிறது பிடிச்சிருக்கு. வேற என்ன... வேற ஒண்ணும் இல்ல போலருக்கே. அங்க நேர்முகத்துல யாருமே என்னைத் திரும்பிப் பார்க்கலைங்க. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னுட்டு அனுப்பிட்டாங்க. இங்க அழவாவது அழுதேன்." சிரித்தாள். அந்தக் குரலில் முதல்முறையாக ஓர் ஏற்றம் தெரிந்தது. "இருங்க, கம்ப்யூட்டர் முன்னாடிதான் இருக்கேன். அழுத்திடறேன். அழுத்திட்டேன். இங்கதான்."

டார்லா மேசையில் கிடந்த முள்கரண்டியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள்.

"நீங்களும் வர்றீங்கல்ல? ஒரே வகுப்புல இருப்போம்."

"எனக்கு இன்னும் முடிவு சொல்லலை."

"சொல்லிடுவாங்க. உங்களை மாதிரி யாரு கேப்பாங்க? எங்க வீட்டுல ரெண்டு வாரமா கத்திட்டு இருக்காங்க, யாரும் இப்படி வாயை மூடிட்டுக் கேக்கலை."

ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். இத்தனை வருஷம் மூடாத வாய், எல்லோரும் பார்க்க மூடியிருக்க வேண்டிய நாளில் மூடாத வாய், இன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது. அதை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. பெருமையாக ஒன்றும் இல்லை. அந்தப் பெண் மேல் கோபம், ஹாலண்ட் மேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தன் மேல்.

"என்ன சொன்னா?" என்றான் ஆர்னி.

"இங்கயே சேர்ந்துட்டா."

"நீ ஒண்ணுமே சொல்லலையேடி."

"ஆமா. சொல்லலை."

ஆர்னி தலையைச் சொறிந்தான். "நாளைக்கு வரைக்கும் இருக்குல்ல. இடம் கிடைச்ச மத்தவங்க இருக்காங்களே."

"அவங்க யாரும் எனக்கு ஃபோன் பண்ண மாட்டாங்க."

அவன் கரண்டியை எடுத்து, ஹாட்டிஷ் தட்டின் மூலையில் நன்றாகச் சிவந்து மொறுமொறுப்பாக ஒட்டியிருந்த துண்டைப் பெயர்த்தான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் விட்டுக்கொடுக்காமல் தானே தின்கிற துண்டு. அதை அவள் தட்டில் வைத்தான். டார்லா அதை ஆற விடாமல் எடுத்து வாயில் போட்டாள். நாக்கு பொத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வர வர, நிறுத்தாமல் மென்றாள்.