மார்ஜரியின் கூடை

போர்ட்ஸ்மவுத் மதுக்கடையில் எந்தத் தடியனைக் கேட்டாலும் ‘மார்ஜரி’யின் பெருமையை அளப்பான். இருபத்திரண்டு வருஷம் ஓடிய போர்க்கப்பல், பிடித்த பிரெஞ்சுக் கப்பல்கள் ஒன்பது, அரசரே ஏறி நின்ற மேல்தளம். போன மாதம் அதைப் பிரித்து விறகாக்கியபோது அழுதவர்களும் உண்டு. கூடையைப் பற்றி மட்டும் ஒரு பயலும் வாய் திறப்பதில்லை.

காவலில் நாலாவது முறை தூங்கினால் கூடை. கப்பலின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தில், கடலுக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். உள்ளே ஒரு ரொட்டி, ஒரு குவளை பீர், ஒரு கத்தி. பட்டினி கிடந்து சாகலாம், இல்லை கயிற்றை அறுத்துக்கொண்டு விழலாம். ஏறி வந்தால் காவலாள் ஈட்டியால் குத்த வேண்டும்.

ஆம்புரோஸ் மாட்டிக்கொண்டான். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். கூடையில் ஏற்றும்போது கேப்டனிடம் ஒன்று கேட்டான்.

“ஐயா, பகல் காவலுக்கு நம்ம கில்பர்ட்டப் போடுங்க. தெரிஞ்ச மூஞ்சியப் பாத்துகிட்டே செத்துப்போறேன்.”

கப்பலே சிரித்தது. கில்பர்ட் என்கிற நான் நின்றுகொண்டே தூங்குகிற ஜென்மம், ஏற்கெனவே மூன்று முறை பிடிபட்டவன். நான் கண்ணசந்ததும் ஏறி வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

கேப்டனும் சிரித்தார். “போட்டுட்டாப் போச்சு. கில்பர்ட், தூங்கினா ஒனக்கு இது நாலாவது. இன்னொரு கூடை இருக்கு.”

முதல் நாளே ஆம்புரோஸ் பாதி ரொட்டியை மேலே எறிந்தான். “தின்னுடா. வயிறு நெறஞ்சா ஒனக்குத் தூக்கம் வரும்.”

தின்ன மனசு வரவில்லை. சட்டைக்குள் செருகிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து என்னைக் காட்டிக்கொடுத்த பாழாய்ப்போன கண், அன்றைக்குப் பார்த்துக் கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் மூடுபனி இறங்கியது. ஆம்புரோஸ் கயிற்றைப் பிடித்து ஏறி, கூடையை அறுத்துவிட்டான். அது தொப்பென்று கடலில் விழுந்தது. மரத்தில் தவழ்ந்து என் ஈட்டிக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றான்.

“விழுந்து செத்துட்டான்னு சொல்லிருடா. நான் கீழ போய் ஒளிஞ்சுக்கறேன்.”

“கண்டுபிடிச்சா என்னைய ஏத்திருவாங்க.”

“எவன்டா கண்டுபிடிக்கிறது? நகரு.”

பனிக்குள்ளிருந்து கேப்டன் குரல் வந்தது. “கில்பர்ட், என்ன சத்தம்?”

தள்ளினேன். குத்தவில்லை, தள்ளத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன்.

“ரெண்டு சத்தம் கேட்டுச்சே?” என்றார் கேப்டன், கிட்டே வந்து.

“மொதல்ல கூடை, ஐயா. அப்புறம் அவன்.”

முதுகில் தட்டினார். “இனிமே ஒன்னைய எவனும் தூங்குமூஞ்சின்னு சொல்ல மாட்டான். போ, படு.”

கீழே போனேன். பசித்தது. சட்டைக்குள்ளிருந்த ரொட்டியை எடுத்துத் தின்றேன். அவன் சொன்னது சரிதான், வயிறு நிறைந்ததும் தூக்கம் வந்தது.