கொசுப்படத்துக் குரல்

பிரச்சாரப் படங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவிகள், அந்தக் கல்லூரி நூலகத்திலிருந்து ஆளுக்கொரு பின்னணிக் குரலை இரவல் வாங்கிக்கொள்ள வேண்டும். படச்சுருள்கள் காடி நாற்றமெடுத்து எப்போதோ வீணாகிவிட்டன. குரல்கள் மட்டும் கெடவில்லை. நூலகர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மர பீரோவைத் திறப்பார். குரல் வெளியே வந்து, வாங்கியவளின் இடது தோளுக்குப் பின்னால் நின்றுகொள்ளும். அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றிப் பேசும். கட்டுரை முடியும்வரை கூடவே இருக்கும்.

அந்த வருஷம் இரண்டு பேர் எழுதினார்கள். ஆவுடைக்குக் கொசு ஒழிப்புப் படத்தின் குரல் கிடைத்தது. அவளோடு முதல் வருஷத்திலிருந்து ஒரே பெஞ்சில் உட்காரும் வடிவுக்கு அணைக்கட்டுப் படத்தின் குரல் கிடைத்தது.

வடிவு கண்ணாடி பார்க்கிற பெண். கையில் எந்நேரமும் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். ஆகவே அவள் குரல் அவளைப் பற்றியே பேசியது. பஸ்ஸிலிருந்து இறங்கினால், "இதோ! வருங்காலம் படியிறங்குகிறது!" என்றது. கேன்டீனில் சாம்பார் சாதத்துக்கு உட்கார்ந்தால், "நாட்டை எழுப்பும் கரங்களுக்கு நல்லுணவு!" என்றது. கேன்டீன் அண்ணாச்சி கேட்காமலே இரண்டாவது அப்பளத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

ஆவுடை தலை நிமிராதவள். தன் காலைப் பார்த்தே நடந்து பழகியவள். "எச்சரிக்கை!" என்றது அவள் குரல். "இவர் காலடியில் தேங்கியிருப்பது என்ன?" வராந்தாவில் போனவர்கள் நின்று அவள் காலடியைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றுமில்லை. இருந்தாலும் ஓர் எட்டுத் தள்ளியே நடந்தார்கள். அவள் குடித்து வைத்த டம்ளரை அண்ணாச்சி உடனே கவிழ்த்துவைத்தார்.

தனக்குப் பொறாமை இல்லை என்று ஆவுடை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். அவள் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு மரக்கால் நெல் அவித்திருக்கலாம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று சொல்லிச் சமாதானப்பட்டுப் பார்த்தாள். மூன்று மாதமாகியும் அணைக்கட்டுக் குரல் தளரவில்லை.

இத்தனைக்கும் உழைத்தவள் ஆவுடைதான். தொண்ணூறு படங்களின் குறிப்பேடுகளைப் படித்து, நாற்பத்திரண்டு பக்கம் எழுதியிருந்தாள். வடிவு எழுதியது பதினொரு பக்கம், அதில் இரண்டு நன்றியுரை. மாநிலக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கத் துறையிலிருந்து ஒருத்திதான் போக முடியும். ஆவுடைக்கு அதைத் தவிர இந்த உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. துறைத்தலைவி மெர்சி மேடம் அந்தப் பதினொரு பக்கத்தைக் கையில் எடுத்தபோது, "ஒவ்வோர் எழுத்தும் ஒரு செங்கல்!" என்றது குரல். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆவுடை அன்று தன் நான்காம் அத்தியாயத்தை எழுதி முடித்தாள். தொண்ணூறு படங்களிலிருந்தும் அவள் கற்ற பாடம் அதில் இருந்தது: 'முதலில் ஒரு கஷ்டத்தைக் காட்டுகிறார்கள். அடுத்து ஒரு முகத்தைக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று அரங்கில் யாரும் கேட்பதில்லை. அதற்குள் மேளம் தொடங்கிவிடுகிறது.'

மறுநாள் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். மீதிப் பேர் போர்வையோடு வந்திருந்தார்கள். ஆவுடை மெல்லத் தலையை நிமிர்த்தி, வடிவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எச்சரிக்கை!" என்றது குரல். "அழகாகத்தான் இருக்கும். தெளிந்த நீரில்தான் அது முட்டையிடும்!"

அன்றைக்கு வடிவுக்கு அப்பளம் வரவில்லை. அண்ணாச்சி சாம்பார் அண்டாவை மூடிவிட்டார். பஸ்ஸில் அவள் ஏறியதும் பெண்கள் ஜன்னலை இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை நகராட்சியிலிருந்து இரண்டு பேர் புகை இயந்திரத்தோடு வந்து, மேடத்திடம் அனுமதி பெற்று, வடிவின் பெஞ்சுக்குப் புகை அடித்தார்கள். அதற்கடுத்த வாரம் அவளைச் சுற்றி வெள்ளைக் கொசுவலை கட்டப்பட்டது. அவள் போகும் இடமெல்லாம் வலையும் போயிற்று. அணைக்கட்டுக் குரல் உள்ளேயிருந்து, "புகைக்கு நடுவிலும் முன்னேற்றம்!" என்றது. இருமல் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"ஏட்டி ஆவுடை," என்றாள் வடிவு, வலைக்குள்ளிருந்து. "நீயாட்டி சொல்லச் சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலட்டி. சும்மா பாத்தேன்."

"மூணு வருசமா பக்கத்துல இருக்கியே, ஒருநாளாவது என்னைய இப்படிப் பாத்திருக்கியாட்டி?"

வலைக்குள்ளும் வடிவு கல்யாணப் பெண் மாதிரி நன்றாகவே இருந்தாள். ஆவுடைக்கு அதுவும் எரிந்தது.

கருத்தரங்குக்கு ஆவுடையைத்தான் அனுப்பினார்கள். வடிவும் வந்தாள்; அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்தால் கல்லூரியில் காய்ச்சல் பரவிவிடும் என்று மேடம் அழைத்து வந்திருந்தார். மேடையில் ஆவுடை நாற்பத்தோராவது பக்கம்வரை தங்குதடையில்லாமல் வாசித்தாள். ஒவ்வொரு பத்திக்கும் அவள் குரல் எச்சரித்தது. அவையோர் பயந்து பயந்து கைதட்டினார்கள். அவள் கேட்க ஏங்கிய கைத்தட்டல் அதுதான்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நான்காம் அத்தியாயத்தின் பாடத்துக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. தொண்ணூறு படங்களில் எதைச் சொல்வது என்று தேடினாள். எல்லாப் படத்திலும் ஒரே முகம்தான் வந்தது. கடைசி வரிசையில் வலைக்குள் அந்த முகம் இருமிக்கொண்டிருந்தது. வடிவிடம் உண்மையைச் சொல்வதற்காக அந்தப் பக்கம் பார்த்தாள். உடனே குரல், "எச்சரிக்கை!" என்று ஆரம்பித்தது.

ஆவுடை கண்களை இறுக மூடிக்கொண்டாள். பார்க்க ஒன்றுமில்லாததால் குரல் நின்றது.

"கொசுவும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள். "எனக்கு வயித்தெரிச்சல். அதான் பாத்தேன். தப்பு எம்பேர்லதான் வடிவு."

அரங்கில் யாருக்கும் அது கேட்கவில்லை. பின்னணிக் குரல் இல்லாமல் ஒருவர் பேசினால் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு விட்டுப்போயிருந்தது. மைக் பழுதாகிவிட்டது என்று நினைத்து, மரியாதையாகக் காத்திருந்தார்கள். வடிவுக்கு மட்டும் கேட்டது. அழுததில் கண்மை கலைந்திருக்குமே என்று அவள் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள்.

"இதோ!" என்றது அணைக்கட்டுக் குரல், அரங்கமே அதிர. "மன்னிக்கும் மாண்பு!"

எல்லோரும் எழுந்து, திரும்பி நின்று, வலையைப் பார்த்துக் கைதட்டினார்கள். கருத்தரங்கின் பரிசுக் கேடயத்தை வலைக்கு அடியில் தள்ளிக் கொடுத்தார்கள். மேடையில் ஆவுடைக்குப் பழைய எரிச்சல் குறையில்லாமல் திரும்பி வந்தது. எரிய எரிய அவளும் கைதட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் மேடம் பின்சீட்டில் தூங்கிவிட்டார். கட்டுரை வேலை முடிந்துவிட்டதால் குரல்கள் தோளை விட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டன. ஆவுடை கம்பியைப் பிடித்தபடி வலைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உள்ள எடம் இருக்காட்டி?" என்று கேட்டாள்.

இரண்டு நிறுத்தம் கழிந்தபின் வடிவு வலையைத் தூக்கினாள். "வா. ஆனா ஜன்னலோரம் எனக்குத்தான்."

ஆவுடை உள்ளே போய் உட்கார்ந்தாள். ஜன்னல் காற்று முழுக்க வடிவுக்கே போயிற்று.

நடத்துநர் வந்தார். "ரெண்டு பேரு, ரெண்டு குரல்," என்றாள் ஆவுடை.

அவர் முன்சீட்டின் பக்கம் காதைக் கொடுத்தார். அங்கே ஒரு குரல் அணையைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை தொண்டையைச் செருமியது.

"ரெண்டு எங்கம்மா இருக்கு? ஒரு தொண்டைதான்," என்று சொல்லி, இரண்டு பேருக்கும் ஒரு குரலுக்குமாக மூன்று டிக்கெட் கிழித்தார்.

முன்சீட்டில் மிச்சமிருந்த இடத்தில், அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஓர் அம்மா பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.