கூரை அறுத்த கார்

டிங்கர் பட்டறைக்காரன் தன் அக்கா காரின் கூரையை அறுத்தெடுத்த வாரம் ஊரெங்கும் மழை கொட்டியது; கூரையில்லாத அந்தக் காருக்குள் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் வெறும் காற்றில் தட்டி, பழைய கூரையின் வளைவிலேயே வழிந்து, கதவோரமாகத் தரையில் இறங்கியது. தார்ப்பாயோடு ஓடிவந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஆச்சரியம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, மாட்டிக்கொண்டோம் என்ற நினைப்பு.

அது அக்கா கணவர் சாகும்வரை ஓட்டிய கார். அவருக்குப் பின் அக்கா ஓட்டினாள். வெளியூரில் மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது, "நெழல்ல நிறுத்துடா, அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வை, அது போதும்" என்று தம்பி கையில் சாவியைக் கொடுத்துப் போனாள். அவனுக்குப் போதவில்லை. பழைய கார் கண்காட்சி ஒன்றில் திறந்த வண்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றதைப் பார்த்ததிலிருந்து ஆசை அவனைப் பிடித்து ஆட்டியது. முதலில் அகல டயர் போட்டான். டயர் வந்ததும் வண்டி உயரமாகத் தெரிந்தது. ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தினான். தாழ்ந்ததும் கூரை கண்ணை உறுத்தியது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியபோது கட்டிங் மெஷின் பாதித் தூண்களைத் தாண்டியிருந்தது. அன்று சாயங்காலம் அவளே போன் செய்து கார் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "அப்படியே இருக்குக்கா" என்றான்.

மழை விட்டதும் கூரையைத் திரும்பப் பற்றவைக்கப் பார்த்தான். பக்கத்துப் பட்டறை ஆட்களும் வந்து தாங்கிப் பிடித்தார்கள். தகடு தூண்களுக்கு ஒரு சாண் மேலேயே முட்டி, டங்கென்று சரிந்து விழுந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு கூரை இருந்தது; இன்னொன்றுக்கு இடமில்லை. ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

பாடியை வெட்டிய கார் சட்டப்படி அதே பழைய கார் ஆகாது, அதன் பதிவு நம்பரும் வயதும் போய்விடும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். யாராவது அதைத் தன் முகத்துக்கு நேரே சொன்னால் நிம்மதி என்று வாகனச் சோதனை அலுவலகத்துக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோனான். அதிகாரியம்மா குனிந்து அடிப்பக்கம் பார்த்தார்.

"ஸ்பிரிங்க அறுத்த வண்டிய ரோட்ல விட முடியாது. டயரும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டையும் மாத்திட்டு வாங்க."

"கூரை, மேடம்?"

அவர் உள்ளே உட்கார்ந்து, தலைக்கு மேலே விரலால் தட்டினார். தகரச் சத்தம் கேட்டது. "கூரைக்கு என்ன? நல்லாத்தான இருக்கு."

"நான் அறுத்துட்டேன் மேடம். பட்டறையில கெடக்கு."

"நீங்க அறுத்தீங்களாங்கறது என் வேலையில்ல. வண்டியில இருக்கா இல்லையா, அதத்தான் நான் பாக்கணும்."

மற்ற இரண்டையும் மாற்றி, மறுபடி லாரியில் கொண்டுபோனபோது தகுதிச் சான்று கொடுத்துவிட்டார். அடி வாங்கக் குனிந்தவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பியது போலிருந்தது அவனுக்கு.

அக்கா ஊரிலிருந்து பைகளோடு நேரே பட்டறைக்கு வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. அறுந்த தூண்களின் முனையை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு மேலே கைவைத்து, காற்றைத் தடவினாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், போனில் சொன்ன பொய் உட்பட.

"அது அறுபடலடா. ஆனா நீ அறுத்துட்ட" என்றாள். பிறகு, "ஏறு, வீட்டுக்குப் போகலாம்."

கூரை போன பிறகு அவன் அந்தக் காரில் உட்கார்ந்ததே இல்லை. தெருமுனை திரும்புவதற்குள் மழை பிடித்தது. அக்காவின் சேலை நனையவில்லை, பின்சீட்டுப் பைகள் நனையவில்லை. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் மழை நேராக இறங்கி, தலை, தோள், மடி என்று ஊறியது. அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வண்டியை ஓரங்கட்டி, பையிலிருந்து பேரக்குழந்தைக்கு வாங்கியதில் மிஞ்சிய துண்டை எடுத்து நீட்டிவிட்டு, மறுபடி கியரைப் போட்டாள்.

இப்போது அந்தப் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டது. லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்தால், மழைநாளில் பின்சீட்டில் காய்ந்த சட்டையோடு பாடிக்கொண்டு போகும். முன்சீட்டில் தம்பிமேல் விழும் மழை வருஷம் போகப்போகத் தூறலாகியிருக்கிறதே தவிர நிற்கவில்லை. அக்கா ஹாரன் அடித்தால் அவன் மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வந்து ஏறுவான்.